பாட்டு போகும் வீடுகள்

டிசம்பர் பிறப்பதற்கு முன்பே, ஈப்போவில் எங்கள் ஆங்கிலிக்கன் சபையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டுவிடும். கிறிஸ்துமஸ் பாடல் குழு தங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் பெயர், முகவரி, கைப்பேசி எண், தோதான நாள் ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில், வருகிறவர்களுக்குச் சாப்பாடா சிற்றுண்டியா என்பதையும் குறித்துவிட்டால் ஏற்பாட்டாளர்களுக்கு வசதி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சபையார் செம்மோரிலிருந்து பத்து காஜா வரை சிதறிக் கிடக்கிறார்கள். பல குடியிருப்புகளின் வாசலில் காவலர் உண்டு, இன்னார் வருகிறார் என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால் தடுப்புக்கட்டை உயராது. ஒரே இரவில் ஏழெட்டு வீடுகளுக்குப் போக வேண்டுமானால் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கு வேண்டும். பெத்லகேமுக்கு வெளியே இரவில் மந்தை காத்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் பாட்டுக்கு முன்கூட்டிப் பெயர் கொடுத்து வைத்திருந்ததாக லூக்கா எழுதவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனாலும் அந்தத் தாளைக் கடந்து போகும்போதெல்லாம் மனம் அங்கே சற்று நின்றுவிடுகிறது. ஒரு பண்டிகையை நாம் எப்படிக் கொண்டாடுகிறோம் என்பது ஆலயத்தின் அலங்காரத்திலோ பிரசங்கத்திலோ முழுமையாகத் தெரிவதில்லை. அது யார் வீட்டுப் படியேறுகிறது, யார் வீட்டைத் தாண்டிப் போகிறது என்பதில்தான் தெரிகிறது.

நம்மில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குத் தோட்டத்து கிறிஸ்துமஸ் நினைவிருக்கும். விடியுமுன் பெரட்டு, பால்வெட்டு, மங்கு துடைப்பு, பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துவது என்று ஆண்டு முழுவதும் ஒரே தாளத்தில் ஓடிய வாழ்க்கையில், டிசம்பர் இருபத்து நான்காம் தேதி இரவு மட்டும் லயத்து விளக்குகள் நேரங்கழித்து அணையும். உபதேசியார் முன்னே நடக்க, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஒரு டோலக்கும் இரண்டு ஜோடி ஜால்ராவுமாக ஒரு கூட்டம் லயத்தின் ஒரு முனையில் தொடங்கி மறு முனையில் முடிக்கும். கிறிஸ்தவர் வீடு எது, இந்து வீடு எது என்று பார்த்துப் போவதில்லை, ஏனென்றால் ஒரு வீட்டை விட்டு அடுத்த வீட்டில் பாடுவதற்கு அந்த வீடுகள் இடங்கொடுக்கவில்லை. இடையில் இருந்தது ஒரு பலகைச் சுவர். மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டில் கொத்தமல்லிக் காப்பி கிடைக்கும். தீபாவளிக்கு அங்கிருந்து வந்த தட்டுக்கு இப்போது இங்கிருந்து அச்சுமுறுக்கும் நெய்யுருண்டையும் பதிலாகப் போகும். துரை பங்களாவிலும் பாடுவோம், ஆனால் படிக்குக் கீழே நின்று. ஒரே ஒரு ஆங்கிலப் பாட்டு. பிறகு ஒரு டின் பிஸ்கட்.

இதை இப்படி எழுதும்போது கை தானாகவே இனிப்பைக் கூட்டிவிடுகிறது. அதைக் கொஞ்சம் கட்டுப்படுத்த வேண்டும். அந்த வீடுகள் நம்முடையவை அல்ல, கம்பெனியுடையவை. கங்காணிகள் தங்கள் ஊரிலிருந்தும் தங்கள் உறவிலிருந்துமே ஆள் கட்டிக் கொண்டுவந்ததால், லயங்களிலும் ஜாதிக்கு ஜாதி மேற்குக் கிழக்கு இருந்தது. கிறிஸ்தவர்கள் அதற்கு விலக்காக இருந்தார்கள் என்று சொன்னால் அது பண்டிகைக் காலத்துப் பெருந்தன்மையே தவிர உண்மை ஆகாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள் ஜெபப் புத்தகத்தையும் கீர்த்தனைகளையும் கொண்டுவந்த அதே பெட்டியில் மற்றதையும் மடித்துத்தான் கொண்டுவந்தார்கள்.

பேராக்கில் இந்தக் கதை மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்குகிறது. 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட நாற்றுகள்தான் இந்நாட்டு ரப்பர் மரங்களில் மிகப் பழையவை. ரப்பர் பெருகுமுன்பே, 1880-களில், பாகான் செராய் அருகே ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென்று நிலம் பெற்றுச் சூசைப்பாளையத்தை அமைத்தார். ஆங்கிலிக்கன் திருச்சபையோ வெள்ளைக்காரர்களின் பின்னால் வந்தது. தைப்பிங்கில் ஆல் செயின்ட்ஸ் ஆலயம் 1880-களின் மரக்கட்டடம். ஈயப் பணம் கொழித்த ஈப்போவில் செயின்ட் ஜான் ஆலயம் 1912-இல் செங்கல்லில் எழுந்தது. அதிகாரிகளுக்கும் தோட்டத் துரைமார்களுக்கும் கட்டப்பட்ட அந்த ஆலயங்களில் தமிழன் மெல்ல மெல்ல நுழைந்தான், அதுவும் இரண்டு கதவுகள் வழியாக. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமாரும் ரயில்வே ஊழியர்களும் ஆங்கில ஆராதனையில் உட்கார்ந்தார்கள். பால்வெட்டுக்காரர்களுக்குத் தமிழ் ஆராதனை. ஒரே தேவனை, ஒரே மொழி பேசிய இரண்டு கூட்டம், இரண்டு வேறு மணி நேரங்களில் தொழுதது. 1970-இல் மேற்கு மலேசியா தனித் திருமண்டலமாகி, 1973 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சவரிமுத்து என்ற தமிழரே அதன் பேராயராக இருந்த பிறகும், பல சபைகளில் காலை நேரம் ஆங்கிலத்துக்கும் மற்ற நேரம் மற்றவர்களுக்கும் என்ற வழக்கம் மாறாமலே இருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. கூட்டம் அதிகம், காணிக்கை அதிகம், வாகன நிறுத்தம் போதாது என்று காரணங்கள் உண்டு. காரணம் இல்லாத வழக்கம் எங்கும் நிலைப்பதில்லை.

இன்று நம் ஆலயங்களில் கிறிஸ்துமஸுக்கு முன் நடக்கும் ஒன்பது வாசகங்களும் பாடல்களும் என்ற ஆராதனை மிகத் தொன்மையானது போல் தோன்றும். அது பிறந்தது 1880-இல், இங்கிலாந்தின் ட்ரூரோ ஊரில், பேராலயம் கட்டி முடியும்வரை தற்காலிகமாகப் போட்டிருந்த மரக்கொட்டகையில். 1918-இல், முதல் உலகப் போர் முடிந்த கையோடு, கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரி அதை எடுத்துக்கொண்டது. வானொலி அதை உலகம் முழுவதும் பரப்பியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் ஆண்களை மதுக்கடையிலிருந்து பிரித்துக் கொண்டுவரத்தான் ட்ரூரோ பேராயர் அந்த ஆராதனையை ஏற்படுத்தினார் என்று ஒரு பேச்சு உண்டு. உண்மையோ பொய்யோ, தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது உடனே புரியும். அங்கே பாடல் குழுவுக்கு நேர்ப் போட்டி கள்ளுக்கடைதான். உரிமம் பெற்று நடந்த அந்தக் கடைகளின் இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவழிக்கும் ஏற்பாடும் இருந்தது. எனவே, கணவன் அங்கே எவ்வளவு அதிகம் குடித்தானோ அவ்வளவுக்கு மனைவி மக்களின் நலன் பெருகியது என்று நிர்வாகம் நிம்மதியாக நம்ப முடிந்தது.

அந்த லயத்துப் பாட்டு இரண்டு முறை நின்றிருக்கிறது. 1941 டிசம்பர் எட்டாம் தேதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். கிறிஸ்துமஸ் முடிந்து சில நாட்களுக்குள் ஈப்போ கைமாறியது. ஆண்டு மாறும் இரவில் கம்பாரில் சண்டை. ஆக்கிரமிப்பின்போது செயின்ட் ஜான் ஆலயத்தில் மீ தயாரித்தார்கள் என்று ஈப்போக்காரர்கள் சொல்வார்கள். அதைத் தொடர்ந்த கிறிஸ்துமஸ்களில் பாடப் போயிருந்தாலும் திறப்பதற்குப் பல வீடுகளில் ஆண்கள் இல்லை. சயாம் மரண ரயிலுக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அள்ளிக்கொண்டு போகப்பட்டிருந்தார்கள், பலர் திரும்பவில்லை. பிறகு 1948 ஜூன் பதினாறாம் தேதி சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்தில் தொடங்கி, மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் ஒரே காலையில் சுடப்பட்டதும் அவசரகாலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி, இரவில் ஊரடங்கு. நள்ளிரவில் விளக்கேந்தி வீடு வீடாகப் போகிற கூட்டத்தை எந்தக் காவல் சாவடி நம்பும்? ஆனாலும் முள்கம்பி அகன்ற இடத்தில் பாட்டு திரும்ப வந்தது. போர் நிறுத்தியும் சாகாத அந்தப் பாட்டு, ஒருவரும் தடை போடாத காலத்தில்தான் முடிந்துபோனது.

முடிந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே. ஐம்பதுகளிலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. சுங்கை சிப்புட்டில் பிறந்த சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்க வைத்தார். அது தாங்கிப் பிடித்தது கொஞ்சம், கைவிட்டுப் போனது அதிகம். 1969-க்குப் பிறகு வேலை அனுமதிப் பத்திரம் என்ற ஒன்று வந்து, குடியுரிமை இல்லாதவர்களில் பலர் தாங்கள் விட்டுவந்த அல்லது பார்த்தே இராத ஊர்களுக்குக் கப்பலேறினார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குக் குறைந்த கைகள் போதும். பட்டணம் நீண்டு வந்த இடத்தில் தோட்டமே வீடமைப்புப் பகுதியானது. லயத்தைக் காலி செய்தவர்கள் புந்தோங்குக்கும் சிலிபினுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் படித்தார்கள், கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர்தான் இன்று காவலர் வைத்த குடியிருப்புகளில் இருக்கிறார்கள். இதை இழப்பு என்று மட்டும் சொன்னால் பொய். பெரட்டு மணிக்கு எழுந்தவளின் பேத்தி மருத்துவராக இருப்பதை யார் துக்கம் என்று சொல்வார்கள்?

ஆனால் இந்துக்களுக்கு ஒன்று மிஞ்சியது. செம்பனைக்கு நடுவே பல தோட்டங்களில் மாரியம்மன் இன்னும் இருக்கிறாள். ஆண்டுத் திருவிழாவுக்குப் பஸ் பிடித்தும் கார் எடுத்தும் பழைய தோட்டத்து மக்கள் அங்கே திரும்புகிறார்கள், பழைய முறைப்படியே உபயம் நடக்கிறது. நம்முடைய சிறு ஜெபக்கூடங்கள் அப்படி நிற்கவில்லை. சபை மக்களைப் பின்தொடர்ந்து பட்டணத்துக்கு வந்துவிட்டது. அதனால் பட்டணத்து ஆலயமே நமக்குத் தோட்டமும் ஆகிவிட்டது, ஆண்டுக்கு ஓர் இரவு மட்டும்.

அந்த இரவைச் சொல்லியாக வேண்டும். டிசம்பர் இருபத்து நான்கு, ஆராதனைக்கு அரை மணி முன்பே வாகனம் நிறுத்த இடம் இருக்காது. ஜொகூர் எண், சிலாங்கூர் எண், சிங்கப்பூர் எண். நவம்பர் தொடங்கியதுமே பேரங்காடிகளில் கேட்டுக் கேட்டுச் சலித்த மெட்டுகள், அங்கே தமிழில் எழும்போது வேறாக ஒலிக்கும். தமிழ் எழுத்துத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காகத் திரையில் வரிகள் ஆங்கில எழுத்தில் ஓடும். உச்சரிப்பு அங்கங்கே இடறினாலும் குரலில் குறை இருக்காது. நற்கருணை முடிந்து வெளியே வந்தால் கூடத்தில் ஆட்டிறைச்சிப் பெரட்டலும் கேக்கும் சிராப் தண்ணியும். நீங்கள் எந்தத் தோட்டம் என்று அறுபது வயதுக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். நாற்பது வயதுக்காரர்கள் எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். நள்ளிரவு கடந்தும் யாருக்கும் கிளம்ப மனம் வராது. இதைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆண்டில் ஒரே ஓர் இரவு கூடுகிற அன்பும் அன்புதான். அதன் மேல் நாம் ஏற்றி வைக்கும் சுமைதான் கொஞ்சம் அதிகம்.

டிசம்பரில் இன்னொரு தாளும் உண்டு; அது பலகையில் ஒட்டப்படுவதில்லை. உதவி தேவைப்படும் குடும்பங்களின் பட்டியல் அது, சபையின் சேவைக் குழுவிடம் இருக்கும். ஐந்து கிலோ அரிசி, சமையல் எண்ணெய், சார்டின் டின்கள், மைலோ, ஒரு பொட்டலம் புந்தோங் கச்சாங் பூத்தே எல்லாம் போட்ட பைகள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை வாகனங்களில் போகும். அதைச் செய்கிறவர்கள் நல்லவர்கள், வேலை நாள் முழுக்க உழைத்துவிட்டு இரவில் உட்கார்ந்து பை கட்டுகிறவர்கள். பெற்றுக்கொள்கிறவர்கள் சபைக்குள் இருப்பவர்களும் உண்டு, வெளியே இருப்பவர்களும் உண்டு. தோட்டத்தை விட்டு வந்தபின் பிடிப்புக் கிடைக்காதவர்கள், பிள்ளைகள் பிரிந்துபோன முதியவர்கள், இந்த மண்ணிலேயே பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் கடத்துகிறவர்கள். கிறிஸ்து பிறந்த கதையே அகுஸ்து ராயன் கட்டளையிட்ட குடிமதிப்பில்தான் தொடங்குகிறது. பதிவேட்டில் இடம் பெறத்தான் அந்தத் தம்பதியர் நடந்தார்கள். அந்த வாசகத்தை ஆண்டுதோறும் நாம் பக்தியோடு வாசிக்கிறோம், பதிவேடு கிடைக்காதவர்கள் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து கேட்கிறார்கள்.

இரண்டு தாள்களையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நேர்ந்தது. இரண்டிலும் இருந்த பெயர் ஒன்றுகூட இல்லை. பாட்டு போகும் வீட்டுக்குப் பை போகாது; பை போகும் வீட்டுக்குப் பாட்டு போகாது. ஒருவரும் இப்படி முடிவெடுக்கவில்லை. பாட்டு வேண்டும் என்று எழுதினால் முப்பது பேருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், நாற்காலி வேண்டும், உட்கார இடம் வேண்டும். இல்லாதவர்கள் எழுதுவதில்லை, அவ்வளவுதான். பையைக் கொண்டுபோகிறவர்களுக்கும் இருபது வீடு முடிக்க வேண்டிய அவசரம். வாசலில் ஒரு ஜெபம், ஒரு படம், அடுத்த மாடி. லயத்தில் ஒரே வழியாக வந்த இரண்டும் பட்டணத்தில் இரண்டு வழியாகப் பிரிந்துவிட்டன. நாம் கொடுக்கத் தொடங்கியது நாம் ஏறிவந்ததற்கு அடையாளம். அதில் பெருமை கொள்ளலாம். ஆனால் கொடுக்கிறவர் வீட்டில் வாங்குகிறவர் உட்காரவும், வாங்குகிறவர் வீட்டில் கொடுக்கிறவர் சாப்பிடவும் முடிந்த காலத்தில் நாம் இருவருமே ஏழைகளாக இருந்தோம் என்பதும் உண்மை.

ஓர் ஆண்டு, பை பெறும் வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி பலகைத் தாளிலும் பெயர் எழுதிவிட்டார். நாலாவது மாடி, கடைசிக் கட்டத்தில் 'சாப்பாடு' என்று இருந்தது. பொறுப்பிலிருந்த இளைஞர் நல்லெண்ணத்தோடு தொலைபேசியில் கூப்பிட்டு, சிற்றுண்டி போதும் பாட்டி, சிரமப்படாதீர்கள் என்றிருக்கிறார். "ஏன் தம்பி, எங்க வீட்டுல சோறு பொங்க மாட்டோமா?" என்று பதில் வந்திருக்கிறது. குழு போனது, கடைசி வீடாக, பதினொன்றைத் தாண்டி. பாதிப் பேர் படிக்கட்டில் நின்று பாடினார்கள். அடுத்த வீட்டு மலாய்க் குடும்பம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டது. எதிர் வீட்டுச் சீனக் கிழவர் ஒருவர் தம் நாற்காலியைக் கொண்டுவந்து வெளியே போட்டார். சோறும், பருப்பும், நன்றாக வெங்காயம் வதக்கிய சார்டின் பெரட்டலும். அந்த டின்கள் எங்கிருந்து வந்தவை என்று சாப்பிட்ட எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள் உண்டு.

இதற்கப்பால் மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. எந்தத் தாளிலும் இல்லாதது. நாம் விட்டுவந்த தோட்டங்களில் லயங்கள் முழுவதும் இடிந்துவிடவில்லை. சில இடங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் அவற்றில் இருக்கிறார்கள். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டி, கடல் கடந்து வந்து, கம்பெனி வீட்டில் படுத்து, மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள். நம் தாத்தாக்களைப் பற்றி நாம் நூற்றாண்டு மலர்களில் எழுதுகிற எல்லா வாக்கியங்களும் பெயரை மாற்றினால் அவர்களுக்குப் பொருந்தும். அவர்களிடம் போவதைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலோர் முஸ்லிம்கள், சட்டம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைத் தடுக்கும் சட்டத்தைப் பேராக் 1988-இல் இயற்றியது, அதை மீறச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்தச் சட்டம் தடுப்பது பிரசாரத்தை. முறுக்குத் தட்டைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் திறந்த இல்ல உபசரிப்பு நடத்தி ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுவதை இந்த நாட்டின் பெருமை என்று நாமே வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்கிறோம்.

சபையில் சிலருக்கு இந்த ஆண்டு ஒரு யோசனை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில் நம்மவர்களின் கல்லறைகள் இருக்கின்றன. கிறிஸ்துமஸுக்கு முன் அங்கே போய்ப் புல் வெட்டிச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, திரும்பும் வழியில் லயத்துப் பக்கமும் மாரியம்மன் கோயில் பக்கமும் பலகாரத்தோடு போய்வரலாம் என்று. நிலம் இப்போது வேறொரு நிர்வாகத்திடம் இருக்கிறது. நுழைவாயிலில் தடுப்பு உண்டு, அனுமதி வேண்டும். வருகிறவர்களின் பெயர், அடையாள அட்டை எண், வாகன எண் எல்லாவற்றையும் முன்கூட்டி அனுப்பச் சொன்னார்கள். அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவர்களும் வரிசையாகத் தங்கள் எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். சிவப்பு அட்டைக்காரர் ஒருவர் தம்முடையது செல்லுமா என்று கேட்டு, செல்லும் என்று தெரிந்தபின் எழுதினார். கல்லறைக்கும் கோயிலுக்கும் போகலாம், காலை ஒன்பது முதல் பகல் ஒன்று வரை, தீ மூட்டக் கூடாது என்று பதில் கடிதம் வந்திருக்கிறது. பாடுவதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நாங்களும் கேட்கவில்லை.